விமர்சகரின் கையும் உங்கள் முதுகும்

2013 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில், அந்த ஆண்டின் சிறந்த வட அமெரிக்கக் கார் என்ற விருதை காடிலாக் ஏடிஎஸ் தட்டிச் சென்றது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸுக்கு நேர்ப் போட்டியாக நிறுத்த வேண்டும் என்றே ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் செடான் அது. எடையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்திருந்தார்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பாரம் ஏறக்குறையச் சரிபாதி. ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள், வளைவுகளில் அது திரும்பும் அழகைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

3 சீரிஸுக்கோ அது போதாத காலம். 2012இல் வந்த அதன் புதிய தலைமுறையை ஓட்டியவர்கள் ‘ஸ்டீயரிங்கில் உயிரில்லை’ என்று முகம் சுளித்தார்கள். கார் அண்ட் டிரைவர் இதழ், 1990களின் தொடக்கத்திலிருந்து ஆண்டு தவறாமல் தன் சிறந்த பத்து கார்களில் ஒன்றாக வைத்திருந்த 3 சீரிஸை 2015 பட்டியலில் சேர்க்கவில்லை. வாங்குகிறவர்கள் என்ன செய்தார்கள்? 3 சீரிஸை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பாராட்டு மழையில் நனைந்த ஏடிஎஸ் செடான் 2018 மாடலோடு நிறுத்தப்பட்டது. பின் இருக்கையில் கால் வைக்க இடமில்லை, தொடுதிரையோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்பவை அதன்மீது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குறைகள்.

இதற்கு இரண்டு சுலபமான விளக்கங்கள் எப்போதும் கைவசம் இருக்கும். மக்களுக்கு ரசனை இல்லை, பேட்ஜைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பது ஒன்று. விமர்சகர்கள் வேறு உலகத்தில் வாழ்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. காரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வழியில்லை என்பதால் பேட்ஜின் மயக்கத்திலிருந்து வாங்குகிறவரும் தப்பவில்லை, விமர்சகரும் தப்பவில்லை. ஆனால் என் கட்சி வேறு. காரில் உட்கார்ந்ததும் இருவரும் உணர்வது பெரும்பாலும் ஒன்றுதான். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதில்தான் பிரிகிறார்கள். இயற்பியலும் உளவியலும் இதற்குச் சாட்சி சொல்கின்றன.

முதலில் அந்த ‘உயிருள்ள ஸ்டீயரிங்’ என்பதைப் பார்ப்போம். கேட்க அலங்காரப் பேச்சு போலிருந்தாலும் அது அளந்து காட்டக்கூடிய விஷயம். கார் ஒரு வளைவில் திரும்பும்போது முன் டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இடையில் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய உள்ளங்கை அளவு ரப்பர். அதன் முன்விளிம்பு இப்போதுதான் தரையைத் தொட்டிருக்கிறது, அதனால் அங்கே இழுபடுதல் குறைவு. பின்விளிம்பை நோக்கிப் போகப் போக ரப்பர் மேலும் மேலும் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஆகவே பக்கவாட்டு விசையின் மையம், சக்கரத்தின் நடுப்புள்ளிக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் போய் விழுகிறது. அந்தச் சிறு இடைவெளிதான் நெம்புகோல் மாதிரி வேலை செய்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு அது கனமாகத் தெரிகிறது.

இனிமேல்தான் சுவாரஸ்யம். அதே வளைவில் வேகத்தைக் கூட்டினால், ரப்பர் பரப்பின் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்கும். விசையின் மையம் முன்னோக்கி நகரும். நெம்புகோலின் நீளம் குறையும். டயரின் மொத்தப் பிடி இன்னும் உச்சத்தைத் தொடவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கின் கனம் அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிடும். டயர் கைவிடப் போகிறது என்ற தகவல், அது கைவிடுவதற்கு முன்பே ஓட்டுநரின் விரல்களுக்கு வந்து சேர்கிறது. நல்ல ஓட்டுநர்கள் ‘கார் என்னோடு பேசுகிறது’ என்று சொல்வது இதைத்தான். இந்தப் பேச்சைக் கேட்கத் தோலிலும் தனித்தனிக் காதுகள் உண்டு. பசினியன் என்ற உணர்விகள் நொடிக்கு 200 முதல் 300 வரையிலான நுண் அதிர்வுகளை உணரும். சாலையின் சொரசொரப்பு இவற்றுக்குத்தான் எட்டுகிறது. மெய்ஸ்னர் என்ற உணர்விகள் அதைவிட மெதுவான அதிர்வையும், கைக்குள் இருக்கும் பொருள் நழுவுவதையும் கவனிக்கும்.

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் அழுத்தம்தான் உதவிக்கு வரும். டயரிலிருந்து வரும் செய்தி ஓரளவு அப்படியே கைக்கு ஏறிவரும். 2012இல் வந்த 3 சீரிஸில் அந்த இடத்தில் மின்மோட்டார் உட்கார்ந்தது. மோட்டாருக்கென்று சுழல் நிலைமம் உண்டு, பல்சக்கரங்களுக்கு உராய்வு உண்டு, எவ்வளவு உதவ வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருள் வேறு. இவற்றைக் கடந்து வரும்போது நுண் அதிர்வுகள் பாதி வழியிலேயே மடிந்துபோகின்றன. ஏன் மாற்றினார்கள் என்றால், கார் நேராகப் போகும்போதும் ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினின் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். மின்மோட்டாரோ திருப்பும்போது மட்டும் மின்சாரம் கேட்கும். எரிபொருள் மிச்சம். கார் தானாகப் பார்க்கிங் செய்துகொள்வதும் தடம் விலகாமல் பார்த்துக்கொள்வதும் இந்த மோட்டார் இருப்பதால் எளிதாகின்றன. ஆக, விமர்சகர்கள் சொன்னது மனப்பிரமை இல்லை. அவர்கள் கையில் ஒன்று குறைந்தது உண்மை.

ஆனால் அந்தக் குறை உங்கள் கையில் எப்போது தெரியும்? ஒரு சின்னக் கணக்கு. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டில் உங்களைத் தள்ளும் முடுக்கம் சுமார் 0.3 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு. சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலோர் இதற்கு மேல் போவதே அபூர்வம். நல்ல ஸ்போர்ட்ஸ் செடானின் டயர்கள் 0.9 ஜி வரை தாங்கும். அதே வளைவில் அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் ஏறக்குறைய 68 கி.மீ. வேகத்தில் திருப்ப வேண்டும். பந்தயத் தடத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு விமர்சகர் அதைச் செய்கிறார். செய்யத்தான் வேண்டும், அது அவர் தொழில். பக்கத்தில் அம்மா பழக்கூடையோடு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் செய்ய மாட்டீர்கள். டயர் பிடியை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை மிக நேர்த்தியாக வந்து சேரும் கார் என்று அவர் முதலிடம் கொடுத்திருக்கலாம். அந்த எச்சரிக்கைக்கு உங்கள் ஏழு வருட ஓட்டத்தில் ஒருமுறைகூட வேலை வராமல் போகலாம்.

உங்களுக்கு நாள்தோறும் வேலை இருப்பது இன்னொரு அதிர்வோடு. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வைத் தாங்குவதில்தான் மிக மோசம். மார்பும் வயிறும் அந்த அலைவரிசையில் ஒத்ததிர்கின்றன. சஸ்பென்ஷன் பொறியாளர்கள் இதைச் சுற்றித்தான் காய் நகர்த்துகிறார்கள். 1930களில் காடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஒல்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், எடைகளை அங்குமிங்கும் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரில் ஆட்களை ஏற்றி உட்கார வைத்து, எது சுகம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். முன்சக்கரங்களின் ஸ்பிரிங் பின்சக்கரங்களுடையதைவிட மெதுவாக ஊசலாட வேண்டும் என்று கண்டார். முன்சக்கரம்தான் மேட்டில் முதலில் ஏறும், பின்சக்கரம் தாமதமாக வந்து ஏறும்; பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஊசலாடினால் அந்தத் தாமதத்தைத் துரத்திப் பிடித்துவிடும். முன்னும் பின்னுமான குலுக்கல் போய், கார் ஒரே சீராக ஏறி இறங்கும். கார் வடிவமைப்பு வகுப்புகளில் இன்றைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சொகுசுக் காரின் உடல் பொதுவாக நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலாக ஊசலாடும். ஸ்போர்ட்ஸ் செடானில் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். வளைவில் சாய்வு குறையும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும். விலை என்னவென்றால், ஊசலாட்டம் வேகமாகி, உடலுக்கு ஒவ்வாத அந்த எல்லையை நெருங்கும். போதாததற்குப் பெரிய ரிம்மும் பக்கச்சுவர் மெலிந்த டயரும் சேர்ந்தால், சாலையின் ஒட்டுப்போட்ட தழும்புகள் எல்லாம் முதுகெலும்பில் வந்து எண்ணப்படும். வழவழப்பான தடத்தில் இந்தக் கார் கச்சிதம். வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடாத ஊரில் அதே கார் வேறு கார்.

அடுத்தது எண்கள். 0 முதல் 100 கி.மீ. வரை ஒரு கார் 5.0 நொடி, இன்னொன்று 5.3 நொடி என்று வைத்துக்கொள்வோம். தரவரிசையில் இது பெரிய இடைவெளி. சராசரி முடுக்கமாக மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 0.03 ஜி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க இதழ்கள் பல, கார் முதல் ஓர் அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓட விடுகின்றன. இழுவைப் பந்தயத் தடங்களிலிருந்து வந்த வழக்கம் அது. அந்த ஓர் அடிக்குப் பிடிக்கும் நேரம் சுமார் 0.3 நொடி. முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம், கடிகாரத்தை எப்போது அழுத்துகிறோம் என்ற வழக்கத்தின் தூரத்துக்குச் சமமாகிவிடுகிறது!

இருந்தும் 5.0 என்ற எண்ணுக்கு மனம் மயங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷீ 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்த மயக்கத்தின் முடிச்சை அவிழ்த்தது. பழைய இசை அகராதிகள் இரண்டு. ஒன்றில் 10,000 சொற்கள், புத்தம் புதிதாக இருக்கிறது. மற்றதில் 20,000 சொற்கள், அட்டை கிழிந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்து விலை சொன்னவர்கள் புதிதாக இருந்ததற்கு அதிக விலை சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கிழிந்த அட்டைக்கு அதிகம் சொன்னார்கள். 10,000 சொற்கள் என்பது அதிகமா குறைவா என்று தனியாகப் பார்க்கும்போது யாருக்குத் தெரியும்? கிழிசல் மட்டும் தனியாகப் பார்த்தாலும் கண்ணில் படும். ஒப்பிடும்போது பெரிதாகத் தெரியும் குணங்கள் வேறு, தனியாக அனுபவிக்கும்போது உறைக்கும் குணங்கள் வேறு என்பதே இதன் சாரம்.

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனவர்களுக்கு இது புதிதில்லை. கடையில் இரண்டு புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, இந்த ஜரிகை ஒரு இழை அகலம், அந்த மயில் கழுத்து நிறம் ஒரு சாயல் தூக்கல் என்று அரைநாள் வாதாடுவோம். கட்டிக்கொண்டு மண்டபத்தில் நிற்கும்போது எடுக்காமல் விட்ட புடவை பக்கத்தில் இருக்காது. கனமாக இருக்கிறதா, இடுப்பில் குத்துகிறதா என்பது மட்டும் தெரியும்.

ஒப்பீட்டுச் சோதனை என்பது அந்தக் கடை. நான்கைந்து கார்களை ஒரே நாளில் ஒரே சாலையில் மாறி மாறி ஓட்டுகிறார்கள். நுண்ணிய வித்தியாசங்களைப் பிடிக்க இதைவிடச் சிறந்த முறை கிடையாது. ஆனால் வாங்கியவர் ஒரே ஒரு காரோடு வாழப்போகிறார். இன்னொன்று, சில குணங்களுக்கு மனிதர் சீக்கிரம் பழகிவிடுவார்கள். கூடுதல் குதிரைச்சக்தி முதல் மாதத்தில் தரும் சிலிர்ப்பு ஆறாம் மாதத்தில் இருக்காது. நெடுஞ்சாலையில் டயர் போடும் இரைச்சலும், தொடையை அழுத்தும் இருக்கை விளிம்பும் அப்படிச் சுலபத்தில் மறந்துபோவதில்லை. பெரும்பாலும் ஒரு வாரம் காரை வைத்திருந்து திருப்பிக் கொடுப்பவருக்கு இந்தப் பக்கம் தெரியவே தெரியாது.

இதனால் விமர்சகரைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று முடிவு கட்ட வேண்டாம். திமோதி வில்சனும் ஜோனதன் ஸ்கூலரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம்மை எச்சரிக்கிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழின் நிபுணர்கள் 45 ஸ்ட்ராபெர்ரி ஜாம்களைச் சுவைத்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். அதில் 1, 11, 24, 32, 44 ஆகிய இடங்களில் இருந்தவற்றை எடுத்துக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சும்மா சுவைத்து மதிப்பெண் போட்ட மாணவர்களின் தீர்ப்பு, நிபுணர்களின் வரிசையோடு கணிசமாக ஒத்துப்போனது. ஒட்டுறவுக் கெழு 0.55. ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதிவிட்டு மதிப்பெண் போடச் சொன்ன இன்னொரு குழுவில் அது 0.11 ஆகச் சரிந்தது. பயிற்சி இல்லாத நாக்கு நிபுணரின் நாக்கைவிட ரொம்ப மட்டமில்லை. காரணம் கேட்டதும்தான் குழப்பம் வருகிறது. சுலபமாக வார்த்தையில் அடங்கும் காரணங்கள் முன்னே வந்து நிற்கின்றன, வார்த்தைக்குள் வராதவை பின்னால் தள்ளப்படுகின்றன. 1993இல் வில்சன் குழு சுவரொட்டிகளை வைத்து நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. காரணம் யோசித்துவிட்டுப் படம் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள், சில வாரம் கழித்துக் கேட்டபோது, மற்றவர்களைவிடக் குறைந்த திருப்தியோடு இருந்தார்கள்.

கார் வாங்கும்போது காரணங்கள் நம் வாயில் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. விமர்சனங்கள் படித்துப் படித்து அவை ஊறிப்போயிருக்கும். ‘ஸ்டீயரிங் துல்லியம்’, ‘சேஸி சமநிலை’ என்று நாமும் பேசுவோம். பின் இருக்கையில் அப்பா ஏறி இறங்கச் சிரமப்பட்டதைச் சொல்ல அந்த அகராதியில் சொல் இருக்காது.

இதழ்கள் போடும் மொத்த மதிப்பெண் இந்த விவகாரத்தை மறைத்துவிடுகிறது. கற்பனையாக இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். பத்துக்கு மதிப்பெண். முதல் காருக்கு எஞ்சின் 9, கையாளல் 9, சொகுசு 6, பின் இருக்கை 4. இரண்டாவது காருக்கு முறையே 8, 7, 8, 8. விமர்சகர் இவற்றுக்கு 30, 40, 20, 10 என்று நூற்றுக்குப் பங்கு கொடுக்கிறார். முதல் கார் 7.9, இரண்டாவது 7.6. முதல் கார் ஜெயித்தது. உங்கள் வீட்டில் அதே பங்கு 20, 20, 30, 30 என்று இருந்தால்? முதல் கார் 6.6, இரண்டாவது 7.8. ஒரு மதிப்பெண்ணைக்கூடத் திருத்தவில்லை. விமர்சகரின் காது, கண், கை எல்லாவற்றையும் அப்படியே நம்பினோம். முடிவு மட்டும் தலைகீழ். விமர்சனத்தில் படிக்க வேண்டியது தனித்தனிப் பிரிவுகளும் அவற்றை விளக்கும் வரிகளும்தான். கடைசிக் கூட்டுத்தொகை அவருடைய வீட்டுக் கணக்கு.

கார் நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டிக் கோர்க்கும் ஆலை இயங்குகிறது. 2021 ஜனவரியில் 3 சீரிஸின் நீட்டிய வடிவமான கிரான் லிமோசின் இந்தியாவில் அறிமுகமானது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 110 மி.மீ. கூடுதல், பின் இருக்கைக்காரரின் காலுக்கு இடம் தருவதற்காக. இரண்டே மாதத்தில், மார்ச்சில், நீட்டாத உடலில் எம்340ஐ வந்தது. 387 குதிரைச்சக்தி, 100 கி.மீ. வேகத்துக்கு 4.4 நொடி என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரே ஆலை, ஒரே பெயர், இரண்டு விதமான முதுகுகள். இதில் எது சிறந்த 3 சீரிஸ் என்று எந்த விமர்சகரும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. ஓட்டப்போவது நீங்களா, ஓட்டிக்கொண்டு போகப்படுவது நீங்களா என்பது அவருக்குத் தெரியாது.

ரசனைக்கு இடமில்லாத சில விஷயங்களும் உண்டு. 100 கி.மீ. வேகத்தில் பிரேக் அழுத்தினால் எத்தனை மீட்டரில் நிற்கிறது, மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம், ஈரச் சாலையில் எப்படி நடந்துகொள்கிறது ஆகிய மூன்றிலும் அளந்தவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். ‘எனக்கு ஓட்டும்போது பத்திரமாகத்தான் தோன்றியது’ என்பதற்கு அங்கே மதிப்பில்லை. பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் எந்தக் காரும் பத்திரமாகத்தான் தோன்றும். ஒரே மாதிரிக் கோளாறைப் பல உரிமையாளர்கள் சொல்கிறார்கள் என்றால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மற்றவற்றுக்கு டெஸ்ட் டிரைவைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு கார்களை ஒரே மாலையில் அடுத்தடுத்து ஓட்டாதீர்கள், அது உங்களையும் ஒப்பீட்டுக் கடைக்குள் தள்ளிவிடும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில், உங்கள் அலுவலகச் சாலையில், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் ஓட்டுங்கள். ஆம்னி பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் இடமும் உங்களுக்குத் தெரிந்த அந்த மோசமான வேகத்தடையும் பாதையில் இருக்கட்டும். பாட்டைப் போடச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்துவார், போடாதீர்கள். வீட்டில் வழக்கமாகப் பின்னால் உட்காருபவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். இறங்கியதும் ஏன், எதற்கு என்று அலசாமல் ஒரு மதிப்பெண்ணை மட்டும் குறித்து வையுங்கள். விமர்சனத்தைத் திரும்ப எடுப்பது அதன் பிறகு இருக்கட்டும். அவர் குறையாகச் சொன்ன விஷயம் உங்கள் ஓட்டத்தில் எட்டிப் பார்த்ததா என்று மட்டும் பாருங்கள். எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவருடைய முதலிடக் கார் அவருக்கே இருக்கட்டும்.

ஷோரூமைச் சுற்றியுள்ள தங்கள் வழக்கமான வழவழப்புச் சாலையில் மட்டும்தான் ஓட்டிப் பார்க்க விடுவோம் என்று சொன்னால், வேறு ஷோரூமுக்குப் போங்கள்.